ஆட்டுக்குட்டி விலையில் ஒரு கோழி

எனக்கு எண்பத்திரண்டு வயதாகிறது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். ஐந்து நான் பெற்றது. மூன்று, என் நாத்தனார் கண்ணை மூடியபோது என் மடியில் விட்டுப்போனது. எட்டில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. படிப்பு எனக்கு அவ்வளவாகக் கிடையாது. பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஆனால் பேச்சில் என்னை ஜெயித்தவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், அதனால் என்ன. அந்தப் பேச்சும், அதோடு சேர்ந்து என் புத்தியும் என்னை விட்டுப் போகப் பார்த்த ஒரு வருஷம் உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி ஜில்லாவாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. காரிமங்கலத்துக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். வீடு ஊருக்குள் இல்லை. எங்கள் பக்கம் அவரவர் நிலத்திலேயே வீட்டைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள், காட்டுக் கொட்டாய் என்போம். சுற்றிலும் ராகி, நடுநடுவே அவரை, ஒரு கிணறு, ஓரமாகப் புளியமரம். பக்கத்து வீடு என்றால் சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கிற தூரம். அப்போது எனக்கு மூன்று பிள்ளைகள்தான். பெரியவர்கள் இரண்டும் பையன்கள், கடைசி கைக்குழந்தை, பெண்.

ஊரில் ஒரு வண்டிப்பாதைத் தகராறு வந்தது. எங்களுக்குத் தெற்கே இருந்த சின்ன ஊர்க்காரர்கள் ஊர்ப் பெரியதனக்காரரின் நிலத்து வழியாகத்தான் வண்டி ஓட்டிப் போவார்கள். அவர் அதை உழுது மூடிவிட்டார். விஷயம் கோர்ட்டுக்குப் போனது. அங்கே பாதையே இருந்ததில்லை என்று சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் பேசிவைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். இவர் கூண்டில் ஏறி நின்று, "பாதை இருந்துதுங்க. எங்கப்பன் காலத்துல இருந்து வண்டி போவுதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார். இவர் அதிகம் பேசுகிறவரே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை பேசுவார். அதைக் கோர்ட்டில் பேசிவிட்டார்.

ஊர் கூடியது. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது, பேச்சு கிடையாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். மீறி எங்களிடம் பேசுகிறவர்கள் ஊருக்குத் தெண்டம் கட்ட வேண்டும். கூட்டத்தில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவோம் என்றார்களாம். "பொய் சொல்லியிருந்தா வுழுந்திருப்பேன்" என்று இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு நான் களியில் குழி பறித்து நெய்யை ஊற்றி வைத்தேன். அவ்வளவு கர்வம் எனக்கு. தண்ணீருக்குச் சொந்தக் கிணறு இருக்கிறது, நெருப்புக்குத் தீப்பெட்டி இருக்கிறது, பேச்சுக்கு நான் இருக்கிறேன், இவர்கள் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பேச்சு அப்படிப்பட்ட சமாச்சாரம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பெரியவன் ஒரு நாள் வந்து, "அம்மா, எங்கூட வெளாடினா தெண்டமாம்" என்றான். இரண்டு பேரையும் நல்லம்பள்ளியில் என் தாய் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். வண்ணார் வருவதில்லை, நாவிதர் வருவதில்லை. என் வீட்டுக்காரருக்குச் சாமியார் மாதிரி தாடி வளர்ந்துவிட்டது. ராகி அரைக்கிற திருகையில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் உட்கார்ந்து பிடியைப் பிடித்துச் சுற்றுவோம். என் எதிரே எப்போதும் உட்காருகிறவள் கிழக்குக் காட்டுக்காரி. நானும் அவளும் ஒரே வருஷத்தில் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டு இருப்பாள். என் பிரசவத்துக்கு மருந்து இடித்துக் கொடுத்தவள் அவள்தான். அவளும் களையெடுக்கப் போகும்போது எங்கள் வேலி ஓரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டே போனாள். நான் தனியாகத் திருகையைச் சுற்றினேன். சுற்றினால் அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மாவு நறநறவென்று விழும்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றும். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. விடிந்ததும் வாசலைக் கூட்டுவேன். வெயில் ஏறுவதற்குள் மறுபடியும் கூட்டுவேன், ஒரு இலைகூட விழுந்திருக்காது. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போவேன். கிணற்றடிக்குப் போன பிறகுதான் குடம் நிறைந்திருப்பது தெரியும். பாதையில் காலடிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். போகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் எனக்கு அவமானமாகிவிடும். வேலியைச் சரிசெய்ய வந்தவள்போல ஒரு முள்ளை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்துவிட்டுத் திரும்புவேன். அந்த வருஷம் எங்கள் வேலியில் ஒரு முள்கூட அதன் இடத்தில் இருந்திருக்காது.

சோறு இறங்கவில்லை. தூக்கம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பானைகளோடு சண்டை போடுவேன். "ஏன்டி, உன்னக் கழுவித்தான வெச்சேன்" என்று சட்டியைக் கேட்பேன். கேட்டுவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். பார்க்க யார் இருக்கிறார்கள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் கிணற்றடியில் நின்றேன். எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. பாறையை வெட்டி இறக்கிய பெரிய பள்ளம், அவ்வளவுதான். குனிந்து உள்ளே பார்த்து என் பெயரை நானே சத்தமாகக் கூப்பிட்டேன். கிணறு திருப்பிக் கூப்பிட்டது. எவ்வளவு நாள் கழித்து ஒருவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்! மறுபடி கூப்பிட்டேன். மறுபடி பதில் வந்தது. சிரித்தேன், கிணறும் சிரித்தது. இப்படியே எவ்வளவு நேரம் இருந்தேனோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஏதோ தோன்றித் திரும்பினேன். என் பெண் எனக்குப் பக்கத்தில் கிணற்றின் விளிம்பில் நிற்கிறாள். கால் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. என்னைப் போலவே குனிந்து உள்ளே பார்க்கிறாள். அழவில்லை, கூப்பிடவில்லை, ஒரு சத்தமும் இல்லை. பாவாடையைப் பிடித்து இழுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். 

அப்போதுதான் அது உறைத்தது. இந்தப் பிள்ளைக்கு ஏறக்குறைய இரண்டு வயது. இன்னும் அம்மா என்றுகூடச் சொன்னதில்லை. கட்டுப்பாடு வருவதற்கு முன்னால் ங்ஙா, த்தா என்று என்னென்னவோ உளறிக்கொண்டிருந்தவள்தான். வீட்டில் பேச்சு நின்றதும் அதையும் நிறுத்திவிட்டாள். எதிலிருந்து கற்றுக்கொள்வாள்? அப்பன் பேசாதவன். ஆத்தாள் சட்டியோடும் கிணற்றோடும் பேசுகிறவள். நான் இப்படியே போனால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும், இவள் ஊமையாவாள். மண்ணை உதறிக்கொண்டு எழுந்தேன். இவளுக்காகவாவது என் புத்தியைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும் என்று நினைத்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் இவரிடம் நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"உங்கம்மா வூட்டுக்குப் போயி கொஞ்ச நாளு இருந்துட்டு வா" என்றார்.

"நான் போனா, பொண்டாட்டியே இவன வுட்டுட்டு ஓடிட்டாளேன்னு ஊரு சிரிக்கும். போவ மாட்டேன்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"பேசு. ஏதாச்சும் பேசு."

மனுஷன் நிஜமாகவே யோசித்தார். நெற்றியெல்லாம் சுருங்கிவிட்டது. கடைசியில், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டேன்" என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர்மேல் தப்பில்லை. அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

அந்த வாரம் காரிமங்கலம் சந்தைக்கு உப்பு, எண்ணெய் வாங்க நானே போகிறேன் என்று கிளம்பினேன். அதுவரை இவர்தான் போய்வருவார். இடுப்பில் பிள்ளை, தலையில் கூடை, கூடையில் விற்பதற்கு ஒரு கோழி. சந்தைக்குள் நுழைந்ததும் என் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. ஆடு கத்துகிறது, ஆள் கத்துகிறான், தமிழும் தெலுங்கும் கன்னடமுமாக ஒரே இரைச்சல். பெண் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கோ, வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுத்த மாதிரி இருந்தது.

கோழி வரிசையில் உட்கார்ந்தேன். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருகிற வியாபாரி ஒருவர் அங்கே பெரிய பெரிய கூடைகளில் கோழிகளை வைத்துக்கொண்டிருந்தார். கன்னடம் கலந்த தமிழ். வந்தார், "எஷ்டம்மா?" என்று விலை கேட்டார். நான் சொன்னேன். கோழியைத் தூக்கிப் பார்த்தார், றெக்கையை ஊதிப் பார்த்தார், காசை என் கையில் வைத்தார், கோழியைத் தன் கூடையில் போட்டார். முடிந்தது.

நான் அங்கேயே நின்றேன்.

"ஏந்தாயி, காசு கொறையுதா?"

"இல்லைங்க."

"அப்புறம்?"

திரும்பி நடந்தேன். வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஏமாற்றிவிட்டான் என்று தோன்றியது. காசில் இல்லை. ஒரு கோழி என்றால் எவ்வளவு பேச வேண்டும்! கிழடு என்பான், இல்லை என்பேன். போய்விட்டுத் திரும்பி வருவான், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒன்றும் இல்லாமல் வாங்கிப் போய்விட்டானே. அவன் கேட்டிருக்க வேண்டியதையும் நான் சொல்லியிருக்க வேண்டியதையும் வீடு வரும் வரைக்கும் தனியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். வாசலுக்கு வந்தபோது எனக்குப் பசித்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் ஒரு உருண்டைக் களியை முழுதாகச் சாப்பிட்டேன்.

அங்கேதான் எனக்கு வழி தெரிந்தது.

அடுத்த சந்தைக்கு ஒரு சிவப்பு வெடைக்கோழியைக் கொண்டுபோனேன். முட்டையிட ஆரம்பிக்காத இளங்கோழியைத்தான் வெடை என்போம். விலை கேட்டவர்களிடம் ஒரு ஆட்டுக்குட்டியின் விலையைச் சொன்னேன்.

"ஏம்மா, கோழிக்கு நாலு காலா?"

"ரெண்டு காலுதான். எண்ணிப் பாத்துக்க. ஆனா நடையப் பாரு, ராணியாட்டம்."

"அரைக்கு அரை கேக்கறேன், குடு."

"கட்டாது, போ."

"நல்லாருக்குதே ஞாயம்! இந்த வெலைக்கு வாங்கினா அறுக்க முடியாது, மாலை போட்டுக் கும்புடணும்."

"கும்புடு. உனக்கும் நல்ல காலம் பொறக்கட்டும்."

ஒருவன் போனால் இன்னொருவன் வந்தான். கேட்காதவனையும் கூப்பிட்டு விலை சொன்னேன். சாயங்காலம் கோழியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். தொண்டை கட்டிப்போயிருந்தது. படுத்ததும் தூங்கிவிட்டேன், அப்படித் தூங்கி எத்தனையோ மாதமாகியிருந்தது.

அதன் பிறகு எல்லா வாரமும் அதே கோழி, அதே விலை. சந்தை வாசலில் சுங்கம் வாங்குகிற ஆள், "இந்தக் கோழிக்குக் கட்டின சுங்கத்துலயே நாலு கோழி வாங்கியிருக்கலாமே தாயி" என்று கேலி செய்வான். வாரத்தில் ஒரு நாள் பேச்சு எனக்கு மற்ற நாட்களுக்கும் தாங்கியது. நடுவில் வருகிற நாட்களில் வேலை செய்துகொண்டே அடுத்த சந்தைக்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசிப்பேன். மனசு ஓட ஒரு பாதை கிடைத்துவிட்டது. கிணற்றடிக்குப் போனால் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன், உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பெண் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கூடை ஓரத்தில் உட்கார்ந்து, பேசுகிறவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாரா வாரம் எதிர்பார்ப்பேன். அவள் உதடு அசையும், சத்தம் வராது. அது மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒரு வாரம் கோழி வியாபாரி என் எதிரே வந்து குத்தவைத்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நீ கோழி விக்க வரல."

கோழியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து போ என்பார் என்று நினைத்தேன். "விக்கத்தான் வந்தேன். வெலை கட்டல" என்றேன்.

"இரு இரு, கோவிச்சுக்காத. நீ வரலைன்னா எனக்குத்தான் நட்டம். உன்கிட்ட வெலை கேட்டு மயக்கம் போட்டவன் என்கிட்ட வந்தா, நான் சொல்ற வெலை அவனுக்குத் தேனாட்டம் இருக்குது. மறுபேச்சுப் பேசாம வாங்கிட்டுப் போறான். நீ என் பக்கத்துலயே உக்காரு. இதே வெலையச் சொல்லு. ஒரு காசு எறக்கிடாத, புண்ணியமாப் போவும்."

அன்றிலிருந்து எனக்கு அவர் கூடைகளுக்குப் பக்கத்தில், துணி கட்டிய நிழலில் இடம். இரக்கப்பட்டு ஒருவர் பேசினால் நான் எழுந்து வந்திருப்பேன். என்னால் அவருக்கு வியாபாரம் ஆகிறது என்றதும் தலை நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் இரக்கத்தைத்தான் அப்படிச் சுற்றிவளைத்துச் சொன்னாரோ என்று இப்போது சில சமயம் தோன்றுகிறது. நல்ல வேளை, அப்போது தோன்றவில்லை.

ஆவணி பிறந்து அவரை பூத்திருந்த சமயம். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எதிரே ஒரு நிழல் விழுந்தது. கிழக்குக் காட்டுக்காரி! தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்தாள். கோழியைத் தூக்கினாள். மெதுவாக, "என்ன வெலை?" என்றாள்.

எங்கள் ஊர் வாயிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேலாகி எனக்கு வந்த முதல் வார்த்தை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

"உனக்குச் சொல்ற வெலையில்ல இது" என்றேன்.

"வெலைதானே கேட்டேன்."

"தெனம் என் வேலியோரம் போவயில கேக்கத் தெரியலையே. தரையில என்ன பொதைச்சு வெச்சிருந்த, அத்தன நாளும் பாத்துக்கிட்டுப் போன?"

"தலையத் தூக்கினா உன் மூஞ்சி தெரியும். தெரிஞ்சா அழுவ வரும். அழுதா அதுக்கும் தெண்டம் கேப்பானுங்க" என்றாள். உடனே குரலை உயர்த்தி, "கோழி நோஞ்சானா இருக்குதே!" என்று கத்தினாள்.

"உன் மாமியாளைவிடத் தேவலாம்!" என்று நானும் கத்தினேன்.

இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். வாயில் விலை. இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு குரல், "யாருகிட்டப் பேச்சு அங்க?"

பெரியதனக்காரரின் தம்பி. சந்தைக்கு மாடு பார்க்க வந்தவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. இவள் எழுந்து நின்றாள். பயந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.

"பேசலிங்க மாமா. வெலை கேட்டேன்."

"அது பேச்சில்லாம என்ன?"

"வெலை கேக்கறது பேச்சாங்க மாமா? அப்ப நீங்க மாடு வாங்கறது ஜாடையிலதானுங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வியாபாரி எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். அந்த மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. நேராக என்னிடம் வந்து, "ஓஹோ, கோழிதான் பிரச்சனையா? என்ன வெலை சொல்ற?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்த ஒருவன் சந்தைக்கே தெரிந்த அந்த விலையைச் சொல்லிவிட்டான். அந்த மனிதர் மடியை அவிழ்த்து நோட்டுகளை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இந்தா. சொன்ன வெலை. கோழிய எடு."

 சொன்ன விலைக்கு ஆள் வந்துவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும். அதுதான் சந்தை மரியாதை. கொடுக்காதவளிடம் அப்புறம் யாரும் விலை கேட்க மாட்டார்கள். கொடுத்துவிட்டாலோ, அடுத்த வாரம் எதை வைத்துக்கொண்டு உட்காருவேன்? வீட்டில் இருந்தது அடைகாக்கிற ஒரு கோழியும் சேவலும்தான். அதைக் கொண்டுவந்தாலும் இந்த மனிதர் வாங்குவார். அவரிடம் பணம் இருந்தது. என்னை மறுபடியும் அந்தக் கிணற்றடிக்கு அனுப்ப அது போதும். இது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை தேடினேன். பேச்சில் யாரும் ஜெயித்திராத எனக்கு, ஒன்றும் அகப்படவில்லை.

அவர் குனிந்து கோழியின் காலைப் பிடித்தார். கோழி படபடவென்று அடித்துக்கொண்டது. கூடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த என் பெண் இரண்டு கையாலும் கோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்து, கணீரென்று சொன்னாள்:

"கட்டாது, போ!"

நான் சொல்கிற அதே இழுப்பு, அதே வெடுக்கு. அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

சந்தையில் அந்த மூலை முழுவதும் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பு. வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கேட்டீங்களா சாமி? மொதலாளியம்மா கட்டாதுன்னுட்டாங்க. பேரம் முறிஞ்சுபோச்சு. காச மடியில வைங்க."

"பச்சப்புள்ள பேச்சு ஒரு பேச்சாய்யா?"

கிழக்குக் காட்டுக்காரி விடுவாளா? "வெலை கேட்டதே பேச்சுன்னா, இதுவும் பேச்சுதானுங்களே மாமா. அதுவுமில்லாம இப்ப வெலை கேட்டது நீங்க. தெண்டம் யாருகிட்டக் கட்டுவீங்க, உங்கண்ணன்கிட்டயா?"

அவர் கோழிக் காலை விட்டுவிட்டார். கூட்டத்தில் வழி பண்ணிக்கொண்டு போனார். நான் அதையெல்லாம் எங்கே பார்த்தேன். பெண்ணை மடியில் இழுத்துப்போட்டு, "இன்னொருக்கா சொல்லு கண்ணு, இன்னொருக்கா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் சொன்னாள், வியாபாரியிடம் சொன்னாள், போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். வழியில் பஸ்ஸைப் பார்த்தும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் வழக்கம்போல, "கோழி வித்துதா?" என்று கேட்டார்.

"கட்டாது, போ" என்றாள் பெண்.

மனிதர் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். தாடிக்குள்ளே சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "என்ன வெலை? என்ன வெலை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை, அதற்குப் பின்னாலும் கேட்டதில்லை.

அதற்கப்புறம் சந்தைக்குச் சந்தை எங்கள் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து விலை கேட்டார்கள். அறுப்பு எப்படி, மாமியார் எப்படி, யார் வீட்டில் விசேஷம், எல்லாம் அந்த விலைக்குள்ளே வந்து போனது. "உங்கூர்ல எல்லாருக்கும் இந்தக் கோழி மேலதான் கண்ணா?" என்று வியாபாரி கேட்பார். தெண்டம் கேட்கவும் ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. முதலில் கட்ட வேண்டியது பெரியதனக்காரரின் தம்பி. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டோம் என்று யாரும் சொல்லவும் இல்லை, நாங்கள் யார் காலிலும் விழவும் இல்லை. தை மாதத்தில் ஒரு காலை வண்ணார் வந்து, நேற்றுப் போனவர்போல, "துணி போடுங்கம்மா" என்று வாசலில் நின்றார். நானும் நேற்றுப் பேசியவள்போல, "போன தடவை ஒரு துண்டு கொறைஞ்சுதே" என்றேன்.

அந்தக் கோழியை என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். கோயில் கட்டியா கும்பிட முடியும்? அடுத்த கோடையில் கீரி தூக்கிக்கொண்டு போய்விட்டது.

எனக்கு அன்றைக்கு வந்தது என்ன என்று இன்றைக்கு டாக்டர்கள் பெயர் வைத்துச் சொல்கிறார்கள், மாத்திரையும் இருக்கிறதாம். நல்லதுதான், தேவைப்பட்டவர்கள் கூச்சப்படாமல் போய்ப் பார்க்க வேண்டும். அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. உடம்புக்குக் களி மாதிரி மனசுக்கும் தினம் ஏதோ ஒன்று உள்ளே போக வேண்டும், அது வீட்டில் இல்லையென்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு தேடிப் போக வேண்டும், அதில் ஒரு வெட்கமும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

இப்போது டவுனில் மகன் வீட்டில் இருக்கிறேன். வாசலில் கீரைக்காரி வந்தால் அவள் சொன்ன விலைக்கு உடனே நான் வாங்குவதில்லை. "ஒரு கட்டுக் கீரைக்கு இவ்வளவு நேரமா அத்தை?" என்று மருமகள் சலித்துக்கொள்கிறாள். சலித்துக்கொள்ளட்டும். கடைசியில் கீரைக்காரி கேட்டதைத்தான் கொடுத்து அனுப்புகிறேன். ஆனால் கூடையை இறக்கிவைத்து நான்கு வார்த்தை பேசாமல் ஒருத்தியை அனுப்ப எனக்கு இன்னும் மனசு வருவதில்லை. அவள் விடிந்ததிலிருந்து யாரிடமாவது வாய் திறந்து பேசினாளோ இல்லையோ, யாருக்குத் தெரியும்?

போதும் கண்ணு, பேனாவ மூடு. எங்க, மொதல்ல இருந்து ஒருக்கா படிச்சுக் காட்டு. உங்கம்மா வர்றதுக்குள்ள படி. கோழியக் கட்டிப்புடிச்ச தன் கதைய ஊருக்கெல்லாம் சொல்றேன்னு சண்டைக்கு வருவா. நீயா எதையாச்சும் சேத்து எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சுபோவும், ஆமா. நல்லாச் சத்தமாப் படி.